பங்கு

நானூறு எட்டு என்று நான் கணக்குப் போட்டது
முந்நூற்றுப் பத்தில் மூச்சோடு முடிந்துவிட்டது.
பாதையென்று எதுவும் இல்லை. பன்றி கிண்டிய சேறு,
டர்பன்டைன் வேர், பிடித்தால் கையோடு வருகிற
மானாப்புல்.

இதல்கஸ்ஹின்ன ஸ்டேஷனுக்கு மேலே
காற்று, மாதக் கடைசியில் கடைக்காரன் தரும் கடன்.
நின்று கேட்டால்தான் கொஞ்சம் தரும்.

மருதை முன்னால் போகிறான். ஐம்பத்தெட்டு அவனுக்கு.
அவன் நெஞ்சுக்குள் இன்னும் யாரும்
குழாய் விட்டுப் பார்க்கவில்லை.
திலகசிறி நின்றுவிட்டான்.
என்னைப் பார்க்காமல் குனிந்து
சப்பாத்துக் கயிறு கட்டுகிறான், வெகுநேரம்.
அவன் போட்டிருப்பது ரப்பர் பூட்ஸ்.

விடிய நாலுக்கே ஒரு குளிசை விழுங்கியாயிற்று.
மற்றது சாப்பாட்டுக்குப் பிறகு.
சாப்பாடு மேலே நிற்கிறது, நாலு காலில்,
பனிக்குள் காதை மட்டும் ஆட்டிக்கொண்டு.

தகரத்தில் கல் விழுந்ததுபோல்
ஒருமுறை கத்தியது மரை.
பிறகு காடு முழுக்க
யாரோ வாயைப் பொத்திய மாதிரி.

துவக்கை என்னிடம் தந்தார்கள்.
இடக்கண்ணில் வெள்ளை எடுத்த நாளிலிருந்து
இந்த உடம்பில் சொன்னபடி கேட்பது அது ஒன்றுதான்.
கொம்பு தெரிந்தது. கழுத்து மயிரில் நீர்த்துளி தெரிந்தது.
ஆனால் குழலின் நுனி
என் நெஞ்சு அடிக்க அடிக்கத் தலையாட்டியது,
கோயிலில் பாட்டுக் கேட்கும் ஆளைப் போல.

ஓர் அடிக்கும் மறு அடிக்கும் நடுவே
ஒரு சந்து இருக்கும். அதற்குள்தான் சுட வேண்டும்.
வாலிபத்தில் அது ஊசி நுழையவும் இடம் தராது.
இப்போது சில வேளை
ஓர் அடி வராமலே போய்விடுகிறது.
கிளினிக் கொப்பியில் சிவப்பு மையால்
அதைத்தான் எழுதியிருக்கிறார்கள்.

அந்த வராத அடிக்குக் காத்திருந்தேன்.
வராமல் வந்தது.
சுட்டேன்.

கூறு போட்டதும் சுமை பிரித்தார்கள்.
பின்தொடைகள் மருதைக்கு, உரப்பையில்.
முன்பக்கம் திலகசிறிக்கு.
எனக்கு டோர்ச்சும்,
ஒரு சிலிசிலிப் பையில் ஈரலும்.
யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.
முன்பு இரண்டு தொடையையும் ஒரே தோளில்
இறக்கியவன் நான்.
இரண்டுதானா, ஒன்றா,
இப்போது எனக்கே நிச்சயமில்லை.

ஏற்றம் நெஞ்சைத் தின்னும், இறக்கம் முட்டியை.
பாதித் தூரம் உட்கார்ந்தே வந்தேன்,
களிசான் பின்பக்கம் சேறாக,
ஈரலை மட்டும் உயரே தூக்கிப் பிடித்துக்கொண்டு.
சுரங்கத்துக்குள் ராத்திரி ரயில் கூவியது.
தெற்கே கீழ்நாட்டு விளக்குகள்.
வனஜீவி ஜீப் அதில் எதுவென்று
மருதை நின்று பார்த்தான்.
அவனும் கொஞ்சம் மூச்சு வாங்கினான்.
எனக்கு அது சந்தோஷமாக இருந்தது, சொல்லத்தான் வேண்டும்.

லயத்தில் அங்கம்மா பூட்டைத் திறந்தாள்.
மேசு கழற்றும்போது ரத்தம்
கணுக்காலிலிருந்து விரல் வரைக்கும்.
அட்டை எப்போதோ குடித்துவிட்டு விழுந்திருக்கிறது.
ரத்தம் இளக்குகிற குளிசை தின்கிறவனுக்கு
லேசில் நிற்காது.

“இது மரையினதா, உங்களதா?” என்றாள்.

பையை நீட்டினேன்.
வாங்கி, மணந்து பார்த்து, மிளகு இடித்தாள்.
ஈரல் எனக்கு ஆகாது, கொப்பியில் இருக்கிறது.
அது அவளுக்கும் தெரியும்.
ஒரு கோப்பையைத்தான் எடுத்து வைத்தாள்;
அடுப்படியில் கொஞ்ச நேரம் நின்று
இன்னொன்றும் வைத்தாள்.