ஒன்பது இலக்கம்

பாதை என்றுதான் சொல்வோம் இங்கே
மோட்டார் சைக்கிளும் ஆட்களும் ஏற்றி மிதக்கும்
அந்த இரும்புத் தட்டை.
மண்டூரிலிருந்து கடைசிப் பாதை.
குருமண்வெளித் துறைக்கு ஐம்பது முழம் இருக்கையில்
கைப்பையைத் திறந்தேன்.
அவ்வளவுதான்.

தவணைக் காசு ஆறு மாதம் மிச்சமுள்ள போன்
வாவிக்குள் போனது, வெளிச்சம் எரிந்தபடி.
யாரோ அடியில் விளக்கோடு எதையோ தேடுவதுபோல
கொஞ்ச நேரம் தெரிந்தது.
மறுகா அதுவும் இல்லை.

"றால் தின்னட்டும், விடுங்க மிஸ்" என்றான்
பாதை ஓட்டும் டிலக்சன்.
சிரித்தேன்.
ஆனால் அதற்குள்தானே
அன்று பதிந்த முப்பத்தொரு குடும்பத்தின் விபரம்,
சின்னவனின் தடுப்பூசி அட்டைப் படம்,
லீசிங் கட்டும் திகதி,
அரிசிக்கடையில் எனக்கு வரவேண்டிய அறுநூறு,
நேரம்.
ஓம், நேரமும் அதற்குள்தான்.
மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தேன்.
வெறும் தோல்.

இறங்கியவர்கள் போய்விட்டார்கள்.
கூப்பிட்டால்தான் வருவார் சுகிர்தன்,
பாதை பிந்தும், முந்தும்.
டிலக்சன் தன் போனை நீட்டினான்,
கண்ணாடி வெடித்தது, மூலையில் ஒரு மீன்செதிள்.
"அண்ணனுக்கு ஒரு கோல் எடுங்க."

எடுக்கலாம்.
பூச்சியம். ஏழு.
அதற்கு மேல் எனக்குத் தெரியாது.
பதினொரு வருடம் ஒரே கட்டில்.
முதுகில் எத்தனை மச்சம் என்று தெரியும்,
எந்தப் பல் கூசும் என்று தெரியும்.
இலக்கம் தெரியாது.
பெயரைத் தொடுவேன், அவர் பேசுவார்.
அக்காவுடையது தெரியாது. பள்ளிக்கூடத்தினது தெரியாது.
என்னுடையதே நடுவில் ஓரிடத்தில் இடறுகிறது.

பெருவிரல் மட்டும்
தன்பாட்டில் நடக்கத் தொடங்கியது.

வந்தாறுமூலை விடுதி.
ஐம்பது ரூபாய் அட்டையைச் சுரண்டி
நகக்கண்ணில் வெள்ளிப்பொடியோடு
போர்வைக்குள் அமத்திய இலக்கம்.
வீட்டார் பார்த்துவிடுவார்கள் என்று
பெயர் போட்டுச் சேமித்ததேயில்லை.
ஒவ்வொரு இரவும் முழுதாய், முதலிலிருந்து.
அழைப்பு முடிந்ததும்
இருந்த தடமும் அழித்துவிட்டு.

ஏழு. நான்கு. மறுபடி நான்கு.
ஒன்பது இலக்கம் வந்து நின்றது திரையில்.
பத்தாவதன்மேல் விரல்.
எஞ்சின் நின்றுபோன அமைதியில்
தண்ணீர் இரும்பைத் தட்டிக்கொண்டிருந்தது.

"போகுதா மிஸ்?"
"லைன் பிசி" என்றேன்.
பின்னாலிருந்து ஒவ்வொன்றாய் அழித்தேன்,
முதல் பூச்சியம் வரைக்கும்.

பிரதான வீதிக்குப் பாதித் தூரம் நடந்திருப்பேன்.
எதிரே ஒற்றை விளக்கு.
"பதினேழு தரம் எடுத்தன்,
என்னத்துக்கு ஓஃப் பண்ணி வச்ச?"
ஏறி உட்கார்ந்து, தோளைப் பிடித்து,
"உங்கட நம்பரச் சொல்லுங்க" என்றேன்.
"என்ன விசரா உனக்கு?"
சொன்னார். காற்றில் பாதி போனது.
இன்னொரு தரம் சொன்னார்.
கல்லாற்றுப் பாலம் வரை வாய்க்குள் வைத்திருந்தேன்.
எதிரே வந்த பஸ்ஸின் ஹோனில்
அதுவும் சிதறிற்று.

புதன்கிழமை, களுவாஞ்சிகுடிக் கடை.
புதுச் சிம் போட்டு, கடவுச்சொல் கொடுத்ததும்
எங்கிருந்தோ நானூற்றுப் பன்னிரண்டு பேர் வந்திறங்கினார்கள்:
கேஸ்காரர், தையல் ரஜனி, 'பஸ் கண்டக்டர் 2',
செத்துப்போன பெரியப்பா,
சுகிர்தன், பெயருக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு இதயத்தோடு.

கடைக்காரப் பொடியன் கேட்டான்:
"எல்லாரும் வந்திட்டாங்களா மிஸ்?
ஒண்ணும் விடுபடல்லையே?"

மேலிருந்து கீழே
ஒருதரம் தள்ளிப் பார்த்தேன்.

"இல்ல" என்றேன்.