இரண்டு மில்லிமீட்டர்

ரீகாவில் பிப்ரவரி.
கடைசி டிராம் போன பிறகுதான் எங்கள் வேலை.
முதல் வாரம்
நான்கு பேர், நான்கு தெர்மாஸ்,
நான்கு திசை பார்த்துக் குடித்தோம்.
பேர் தேவைப்படவில்லை.
"ஏய், விளக்கு" போதுமானதாயிருந்தது.

மூன்றாம் வாரம் இல்க்வர்ஸ்
என் அளவுகோலைப் பிடுங்கி
தண்டவாளத்தை மறுபடி அளந்தான்.
இரண்டு மில்லிமீட்டர் பிசகு.
அவன் சொன்னதுதான் சரி.
அதனாலேயே பத்து நாள்
அவனோடு பேசவில்லை நான்.
வெல்தா எங்கள் நடுவில் குந்தி
பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்,
இருவர் பங்கையும் சேர்த்து.

எந்த இரவில் என்று தெரியாது,
கை நீட்டினேன்;
கேட்காமலே ஸ்பேனர் வந்து விழுந்தது,
இல்க்வர்ஸின் கைச்சூடு ஆறாமல்.
யாரும் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.
பிறகு தெர்மாஸ் ஒன்றாகிவிட்டது.
ருஸ்லான்ஸுக்கு மூன்று சர்க்கரை ஏன்
என்பதில் மட்டும் தினமும் சண்டை.

ஏப்ரலில் வெல்தாவை
ஆற்றுக்கு அக்கரை டிப்போவுக்கு மாற்றினார்கள்.
அவள் இடத்தில் ராய்திஸ்.
சொந்தத் தெர்மாஸோடு வந்திருக்கிறான்,
எங்களுக்கு முதுகு காட்டிக் குடிக்கிறான்.
கை நீட்டுகிறேன். ஒன்றும் வரவில்லை.

"ஏய், விளக்கு."

தூக்கிப் பிடிக்கிறான், தப்பான பக்கம்.
அங்கே,
நாங்கள் மூவருமே பார்க்காத
ஒரு விரிசல்.