அரைப் பேர்

லீவில் வந்து ஹட்டன் ஸ்டேஷனில் இறங்கினேன்.
பையை வாங்கிய ஆட்டோக்காரரை
எங்கோ பார்த்த மாதிரி இருந்தது.

நோர்வூட் தாண்டும்வரை பேச்சில்லை.
கண்ணாடியில் மட்டும் ஒருமுறை பார்த்தார்.

வாழைச்சேனைக்கு வெளியே, விடியக் காலை மூன்று மணி.
கரையோரக் காவல் படகின் வெளிச்சத்தில்
கண் கூச நாற்பத்தொரு பேர்.
ஆஸ்திரேலியா என்று சொல்லி ஏற்றிய ட்ரோலர்.
டீசல், வாந்தி,
ஒருவர் மடியில் மழைக்கோட்டில் சுற்றிய பிஸ்கட் டின்.
"பேரைக் கேட்டு எழுது" என்றார் லெப்டினன்ட்.
தமிழ் தெரிந்தவன் நான் ஒருவன்.

டின்காரர் கேட்டார்:
"முழுப் பேரா தம்பி, அரைப் பேரா?"

கொழுந்து குறைந்தால் அரைப் பேர் போடுவது
எங்கள் மலையை விட்டால் எங்கே உண்டு?
பேனா நின்றது.
எந்த டிவிஷன் என்று கேட்கவில்லை.
பதினான்கு கிலோவோடு மடுவத்தில்
அம்மா தராசைப் பார்த்து நின்றதை
லெப்டினன்டுக்கு எப்படிச் சொல்ல?
"என்ன சொல்கிறான்?"
"பேர்தான் சேர்."
முழுசாகவே எழுதினேன்,
மதியுகராஜா, தகப்பன் பேரோடு.

மவுஸ்ஸாக்கலையில் தண்ணீர் வற்றி
பழைய கோயில் தலை காட்டியிருந்தது.
வண்டியை ஓரங்கட்டி பீடி பற்றவைத்தார்.
"இதிலதான் நீச்சல் பழகினீங்களா?"
"ம்."
"எனக்குத் தெரியாது, நீச்சல்"
என்றார், தண்ணீரைப் பார்த்தபடி.
பிறகு, "நகையை இன்னும் மீட்கல்ல."

லயத்து வாசலில்
காசை எண்ணாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு
வண்டியைத் திருப்பினார்.

"யாரு ஆட்டோ?" என்றார் அம்மா.

பேர் கேட்கல்ல என்றேன்.