மிதிபலகை

மாஞ்சோலை ஆஸ்பத்திரியில் தந்த தாளில்
ஒரு பெண் மாடிப்படி ஏறுகிறாள்.
அவளுக்கு முகமில்லை.
முழங்காலில் மட்டும் ஓர் அம்புக்குறி.
"ஒவ்வொரு நாளும் ஏறி இறங்குங்கோ அம்மா"
என்றாள் பிசியோ பிள்ளை, மயூரதி.
எங்கே ஏற?
என் வீட்டுக்கு இருப்பது ஒன்றரைப் படி.
அந்த அரைப்படியும் மேசன் விட்ட பிழை.

"என்ன செய்ய ஆசை?" என்றும் கேட்டாள்.
எல்லாரிடமும் கேட்பாளாம்.
பேரனைத் தூக்க வேணும் என்பார்களாம்,
கோயிலை மூன்று தரம் சுற்ற வேணும் என்பார்களாம்.
நான் சொன்னேன்: பஸ்ஸில் ஏற வேணும்.
பின்னுக்கு நின்று ஒருவரும் தள்ளாமல்.
அவள் சிரிக்கவில்லை.
தாளின் மூலையில் எழுதினாள்: பஸ்.

வவுனியா பஸ்ஸின் மிதிபலகை
என் முழங்காலுக்கு மேலே நாலு விரற்கடை.
சரியாகத்தான் சொல்கிறேன்.
முப்பத்தொரு வருடம் சங்கக்கடையில்
மாவும் சீனியும் மண்ணெண்ணெயும் அளந்த கை இது.
போன ஆவணியில்
ஒரு கை முதுகில், இன்னொரு கை இடுப்புக்குக் கீழே,
"தூக்கு, தூக்கு" என்று
அரிசி மூட்டைபோல் ஏற்றினார்கள்.
உதவிதான். நன்றியும் சொன்னேன்.
மாங்குளம் வரை யன்னலுக்கு வெளியே பார்த்தபடி போனேன்.

ஆகவே விடிய ஐந்தரைக்கு
கிணற்றடியில் பிளாஸ்டிக் கதிரை.
கைகளை நெஞ்சின் குறுக்கே கட்டி
எழும்பு. இரு. எழும்பு.
முதல் கிழமை மூன்று தரம்.
மூன்றாவதில் கதிரையும் என்னோடு எழும்பியது.
நாய் குரைத்தது.
வேலிக்கு மேலால் செல்வமலர்:
"அக்கா, ஆருக்குத் தோப்புக்கரணம்?"
முழங்காலுக்கு என்றேன்.
பிள்ளையாரைவிட அதுக்குத்தான் கோபம் கூட.

இரண்டு நெக்டோ போத்தலில் மணல் நிரப்பிக் கைக்கு.
கப்பித் தூணைப் பிடித்தபடி ஒற்றைக்கால்,
பிறகு இரண்டு விரலால் பிடித்து,
பிறகு காற்றைப் பிடித்து.

மாடியில்லாத ஊருக்குக் குளக்கட்டுத்தான் மாடி.
துருசடியில் கல்லுப் பதித்த சரிவு:
ஏற இருபத்தாறு எட்டு.
இறங்கும்போதுதான் தொடை எரியும்,
அதை ஒருவரும் முதலில் சொல்வதில்லை.
அங்கே தங்கேஸ்வரன் வருவான்.
பொய்க்காலைக் கழற்றி, மண்ணைத் தட்டி, மாட்டி,
"என்ன மனேச்சர், பெற்றோல் முடிஞ்சுதோ?"
என்றபடி முந்திப் போவான்.
யானை லத்தி சூடாகக் கிடக்கும் நாட்களில் மட்டும்
இருவருக்கும் ஒரே வேகம்.

மார்கழியில் பதினாலு நாள் விடாத மழை.
பதினைந்தாம் நாள்
உடம்பு என்னை முன்பின் அறியாததுபோல் பார்த்தது.
ஒன்பதில் நின்ற கணக்கு ஐந்துக்கு இறங்கிவிட்டது.
சங்கக்கடையில் இருப்பு இப்படிக் குறைந்திருந்தால்
விசாரணை வைத்திருப்பார்கள்.
நான் கதிரையைத் துடைத்தேன்.
ஐந்திலிருந்து தொடங்கினேன்.

மாசியில் ஒரு செவ்வாய், தண்ணீரூற்றுச் சந்தி.
பஸ் நின்றது. முழுக்க நிற்கவில்லை,
வழமைபோல் யோசித்தபடி நின்றது.
வலக்கை கம்பியில். இடக்கால் பலகையில்.
மூக்கு முழங்காலுக்கு நேரே வர வேணும்,
குதியால் ஊன்ற வேணும்.
ஏறிவிட்டேன்.
ஒருவரும் பார்க்கவில்லை.
"உள்ளுக்குப் போங்கோ, உள்ளுக்குப் போங்கோ,"
என்றார் கொண்டக்டர்.
என் வாழ்நாளில் இதைவிட நல்ல பாராட்டை
ஒரு மேலதிகாரியும் எழுதித் தந்ததில்லை.

பள்ளிக்கூடப் பெடியன் ஒருவன் எழும்பி இடம் தந்தான்.
இருந்தேன்.
ஒட்டுசுட்டானில் ஒருத்தி ஏறினாள்.
இடுப்பில் குழந்தை, கையில் உரப்பை,
பை வாயால் தலை நீட்டி ஒரு கோழி.
அந்த நெரிசலில் நெஞ்சில் கை கட்ட முடியவில்லை.
ஆனாலும் எதையும் பிடிக்காமல் எழும்பினேன்.
காலையில் பத்து.
இது பதினொன்று.

ஒலுமடு வரை நின்றேன்.
முழங்கால் நொந்தது.
கோழி என்னையே பார்த்துக்கொண்டு வந்தது.