உயிருடனோ

டீயை நானே தாளில் ஊற்றினேன்.
வலையில் கிடைக்கிற பழுப்புத் தாளெல்லாம்
ஒரே ஆலையில் கிழடு தட்டியவை மாதிரி இருக்கும்.
ஓரத்தைத் தீக்குச்சியால் பொசுக்கி
ஸ்கேனரில் கவிழ்த்தேன்.
கடை முழுக்கக் கருகல் வாசம்.

சேர்மாதேவி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால்
என் பிளெக்ஸ் கடை.
பூப்புனித நீராட்டு, கண்ணீர் அஞ்சலி,
காதணி விழா, வட்டச் செயலாளர் பிறந்தநாள்.
இன்றைக்கு ஒரு கொள்ளைக்காரன்.

"கௌபாய் படத்துல செவுத்துல ஒட்டிருப்பாம்லா,
அந்த மாதிரிக்கா.
மாப்பிள்ளைய நடுவுல வச்சிருங்க."
வெள்ளிக்கிழமை கல்யாணமாம்.
நாலு பேர் வந்திருந்தார்கள்,
மூன்று பேர் பேசினார்கள்.

தேடப்படுகிறான்.
அந்தக் காலத்து அமெரிக்க எழுத்து
பூட்ஸ் போட்டுத்தான் நிற்கும்.
நம்முடையது வெறுங்கால்.
கொம்புக்கு ஒரு ஜோடி,
'ப'வின் அடியில் இந்தக் கோடிக்கு ஒன்று அந்தக் கோடிக்கு ஒன்று,
ஒவ்வொன்றாக வரைந்து மாட்டினேன்.
'டு' மட்டும் எந்த அளவுக்கும் அடங்காமல்
வாலைச் சுழற்றிக்கொண்டு வெளியே நின்றது.
நிற்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

முகத்தை வெட்டி எடுத்தேன்.
நீலப் பின்னணி, கட்டம் போட்ட சட்டை,
விடைத்த காது.
நிறத்தை உறிஞ்சிப் பழுப்பை ஏற்றி
மேலாக்கில் கொஞ்சம் மணல் தூவியதும்
நூற்று நாற்பது வருஷம் பின்னால் போய் உட்கார்ந்தான்.
தொப்பி வைத்தேன். காதில் மாட்டி நின்றது.
மூன்று பேரும் மேஜையைத் தட்டிச் சிரித்தார்கள்.

பரிசு?
"ஒரு கிலோ அல்வா."
"போலே, வேற தெரியாது ஒனக்கு."
ஐயாயிரம் டாலர் என்று முடிவானது,
அவன் தரவேண்டிய கைமாற்றைக் கழித்து.

நாலு தோட்டா ஓட்டை போட்டேன்.
தகரக் கூரையில் ஆணி பிடுங்கிய இடத்தைப்
படம் பிடித்து வைத்திருந்தேன், எப்போதாவது உதவும் என்று.
அடியில் வழக்கமான வரி:
உயிருடனோ பிணமாகவோ.

கதவோரம் ஹெல்மெட்டைக் கழற்றாமல் நின்ற நாலாவது ஆள்
கண்ணாடியைத் தூக்கினான்.
"அக்கா, ரெண்டாவது வார்த்தை வேண்டாம்."
"ஏம்ல சொரிமுத்து, அதுதானல கெத்து."
அவன் கண்ணாடியை இறக்கிக்கொண்டான்.

அப்போதுதான் மறுபடி பார்த்தேன்.
நேற்று மத்தியானம் என் போனில்,
மூன்று குழுவில், மூன்று பேர் அனுப்பி,
இதே நீலம், இதே கட்டம், இதே காது.
'பார்த்தால் உடனே சொல்லவும்.'
ஒரு நம்பர். பெண்ணின் சித்தப்பா என்று ஒரு பெயர்.
அதில் தாள் பழுக்கவில்லை.
எழுத்து வெறுங்காலோடு வந்தது.
பரிசு என்று எதுவும் போட்டிருக்கவில்லை.

பிணமாகவோ.
பின்னாலிருந்து அழித்தேன், ஒவ்வோர் எழுத்தாக.
மிச்சம் 'உயிருடனோ' என்று
அரையில் நின்றது, கேள்வி கேட்டுக்கொண்டு.
பக்கத்துக்கு ஒன்றாய் 'ன'வை நெருக்கிய
கொம்பையும் காலையும் தட்டிவிட்டேன்.
இனி ஒரு புள்ளி வேண்டும்.
தோட்டா ஓட்டைகளில் மூன்றை எடுத்துவிட்டு
ஒன்றைச் சிறிதாக்கி அதன் தலையில் வைத்தேன்.
உயிருடன்.
அளவெடுத்த மாதிரி பொருந்தியது.

பிறகு தொப்பியை இழுத்தேன். காதைத் தாண்டி,
புருவத்தைத் தாண்டி, மூக்கு வரைக்கும்.
நிழலை எண்பது சதவீதம் கூட்டினேன்.
மீசையைப் பெருக்கினேன்.
பெயரை எடுத்தேன், ஊரை எடுத்தேன்,
வெள்ளிக்கிழமையை எடுத்தேன்.

"யக்கா, இது யாருன்னே தெரியலயே."
"பழைய போஸ்டர் அப்படித்தான் தம்பி, மங்கிப்போயிருக்கும்."

ஹெல்மெட்டுக்குள் என்ன நடந்தது என்று தெரியவில்லை.
காசை அவன்தான் கொடுத்தான், எண்ணாமல்.
பில்லில் பெயர் என்று ஒரு கட்டம் உண்டு.
'தொப்பி - 1' என்று எழுதிக் கிழித்துக் கொடுத்தேன்.