ஒரே காசு

வெர்லா லிங்கனுக்குப் போய்வந்தாள்.
போக ஆறரை மணி நேரம், வர ஆறரை மணி நேரம்,
இடையில் இருபது நிமிடம்
ஓர் ஆலோசகரோடும் ஓர் உறையோடும்.
காரிலிருந்து இறங்கியதும் கேட்டாள்:
"பீட் லாரிகள் வரத் தொடங்கிவிட்டனவா?"

எனக்கு வேண்டாம் என்று சொன்னவள் நான்.
உனக்கு வேண்டுமானால் போ என்றும்
நானேதான் சொன்னேன்.
அவள் கார் கிளம்பிய பிறகே உறைத்தது,
அவளுடையது என்று தனியாக ஒன்று இல்லை.
அண்ணன் டுவேனுக்கு ஒரு காசு சுண்டப்பட்டது.
தம்பி லைலுக்கு வேறொரு காசு.
ஒரே கரு இரண்டாய்ப் பிரிந்த எங்களுக்கு
இருவருக்கும் சேர்த்து ஒரே காசு.
அது விழுந்த கையை
மூடி வைத்திருக்கிறாள் வெர்லா.

அப்பாவுக்கு ஐம்பத்தொன்றில் தொடங்கியது.
டிராக்டரை ஓட்டிக்கொண்டே போனார்,
எங்கள் வயல் முடிந்த பிறகும்,
ஹெஸ்லர் வீட்டு வயலில் பாதி வரை.
நரம்புத் தளர்ச்சி என்றார்கள் தேவாலயத்தில்.
அவருடைய அப்பாவுக்கு வந்தபோது குடி என்றார்கள்,
அந்த மனிதர் பியரைக்கூடத் தொட்டதில்லை.
வோல்காக் கரையில் கப்பலுக்குக் கிளம்பியவர்கள்
கோதுமை விதையைக் கோட்டு மடிப்பில்
தைத்துக் கொண்டுவந்தார்களாம்.
இது தைக்காமலே வந்தது.
முதல் குரோமோசோமில் ஓர் எழுத்து மாற்றம்,
அவ்வளவுதான்.
ரஷ்யன் மறந்தோம், ஜெர்மனும் மறந்தோம்,
அந்தப் பிழையை மட்டும்
பிழையில்லாமல் நகலெடுத்தோம்.

எங்களுக்கு ஐம்பது முடிய நான்கு மாதம்.
அவள் முகத்தைப் படிக்கிறேன்.
என் முகம்தான், ஆனாலும் பிடிபடவில்லை.
செவ்வாயன்று இரண்டாயிரம் டாலர் கொடுத்து
பல் கட்டிக்கொண்டு வந்தாள்.
நல்ல சேதி என்று அன்றிரவு நன்றாகத் தூங்கினேன்.
வியாழனன்று வங்கிக் கணக்கில்
மகன் பெயரையும் சேர்த்தாள்.

பீரோக்குக்கு முட்டைக்கோஸ் அரிந்துகொண்டிருந்தவளிடம்
வேண்டுமென்றே கேட்டேன்:
"நாலு வருடம் கழித்து,
கடனெல்லாம் அடைந்ததும்,
அலாஸ்கா போவோமா?"
"நீ வருவதானால்" என்றாள்.
கத்தி நிற்கவில்லை.

நேற்றிரவு
அப்பாவின் டிராக்டர் கதையைச் சொன்னாள்.
ஹெஸ்லர் தொப்பியைக் கழற்றி
"காபி குடிக்கவா இவ்வளவு தூரம் உழுதுகொண்டு வந்தீர்கள்?"
என்று கேட்ட இடத்தில்
வயிறு வலிக்கச் சிரித்தோம்.
இன்று காலை மறுபடி அதே கதை,
அதே இடத்தில் நிறுத்தி, அதே தொப்பி.

"நேற்றுதானே சொன்னாய்?"
"இல்லையே," என்றாள்,
"நேற்று சொன்னது நீ."

சன்னலுக்கு வெளியே
ஆலைக்குப் போகும் லாரிகள்
வளைவில் திரும்பும்போதெல்லாம்
இரண்டு மூன்று கிழங்குகளை உதிர்த்துவிட்டுப் போயின.