முப்பத்திரண்டு டிகிரி

சர்க்கரை கரையச் சூடு வேண்டும்.
இது குளிரில் கரையும்.
குழாயை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு எண்ணுகிறேன்:
தெளிந்த நீருக்குள் ஓர் இழை மூடுபனி,
பிறகு கண்ணாடி முழுக்க வெள்ளை.
பனிக்கட்டியில் நட்டால் மறுபடி தெளிவு.

ஐசோபுரோப்பைல் அக்ரிலமைடு.
கோத்துச் சங்கிலியாக்கிய பின் சாது;
கோக்காத தூளுக்குத்தான் இரட்டைக் கையுறை.

தட்டின் அடியில் இதை மெல்லிசாய்ப் பூசி
கருவிழிப் படலத்தின் செல்களை வளர்க்கிறோம்.
முப்பத்தேழில் அப்பிக் கிடக்கும்.
நொதி ஊற்றிப் பிரித்தால் உதிரி உதிரியாய் வரும்.
வெறுமனே ஆறவிட்டால்
ஓரம் சுருண்டு
பாலாடைபோல் முழுசாய்க் கழன்று வரும்.

செவ்வாய் இரவு ஔலுவில் மின்சாரம் போனது.
காலையில் இல்மாரி கதவைத் திறந்தபோது
பன்னிரண்டு நாள் வளர்ப்பும் மிதந்துகொண்டிருந்தது,
கிழியாமல்,
அறுவைக்கு இன்னும் இரண்டு நாள் இருக்க.
குறிப்பேட்டில் அவர் எழுதியது இவ்வளவுதான்:
ஆறியது. விட்டது.
நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

இன்று மறுபடி விதைத்தோம், அதிகம் பேசாமல்.
வெளியே வண்டி நிறுத்தத்தில் மைனஸ் இருபத்தாறு.
கழுவிய கையைச் சரியாகத் துடைக்கவில்லை நான்;
கார்க் கதவின் பிடி
இரண்டு விரல் நுனியைக் கவ்விக்கொண்டது.
இழுத்தால் தோல் போகும்.
குனிந்து வாய்ச்சூட்டை ஊதினேன்.
விடவில்லை.
எதிர் வரிசையில் ஓடிக்கொண்டிருந்த எஞ்சினை நிறுத்திவிட்டு
இல்மாரி வந்தார்.
என்னவென்று கேட்கவில்லை.
தொப்பியைப் பின்னுக்குத் தள்ளி,
பக்கத்தில் குனிந்து,
அவரும் ஊதினார்.